மூக்கையூர் விலக்கில் மூன்று டப்பாக்கள்

ரம்பத்தின் பார் தேய்ந்தால்
முத்திருளாண்டி கூலியில் எண்ணூறு பிடிப்பார்கள்.
"உன் கை சரியில்லை" என்பார் கரிமூட்டக்காரர் இபுறாகீம்.
"நீங்க ஊத்துற ஆயில் சரியில்லை" என்பான் அவன்.
நடுவில் கணக்கு நோட்டோடு நான்.
சரி, ஆயிலையே கேட்டுவிடலாம் என்றேன்.
வாய் தவறிச் சொன்னதுதான்.
ஒன்பது நாள் வேலையாகிவிட்டது.

கம்பெனி ஆயில்.
லாரியில் வடித்த கழிவு ஆயில்.
துறைமுகத்துச் சல்லிசு மத்தி எண்ணெய்.
டப்பாவுக்கு நம்பர் போடவில்லை,
ஒன்று என்றாலே முதலாவது என்று
மனசு எழுந்து நின்றுவிடும்.
கல், உப்பு, புல் என்று பெயர் வைத்தோம்.
எதில் எது என்பது
டீக்கடை ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும்.
சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று
அவள்தான் ஊற்றுவாள்.
எனக்கும் தெரியக்கூடாது.
எனக்குத்தான் முக்கியமாகத் தெரியக்கூடாது:
நான் முத்திருளாண்டி பக்கம்.

ஆறு புதுச் சங்கிலி வாங்கினோம்.
ரம்பம் இரண்டு, ஆள் இரண்டு.
மூன்றையும் இருவரும் ஓட்ட வேண்டும்,
காலையிலும் ஓட்ட வேண்டும்,
கருவேலங்கட்டை கல்லாய்க் காயும்
மத்தியான வெயிலிலும் ஓட்ட வேண்டும்.
அடிமரம் ஒருவனுக்கு, நுனி ஒருவனுக்கு
என்று போய்விடாமல்
புளியமுத்துப் போட்டு முறை எடுத்தோம்.

முதல் நாளே கெட்டது.
மூடியைத் திறந்ததும் பாக்கியநாதன் சிரித்தான்:
"மத்தி.
ஊர் பேரே மூக்கையூர்,
மூக்கை எங்கக்கா கழட்டி வைக்க?"

அன்றைய பக்கத்தைக் கிழிக்கவில்லை,
குறுக்கே கோடு போட்டேன்.
மறுநாள் மூன்று டப்பாவிலும் வெளிப்பக்கம்
மத்தி எண்ணெயைப் பூசினோம்,
ரம்பப் பிடியிலும் பூசினோம்.
விலக்கிலிருந்த பூனைகள் எல்லாம் வந்து
கல்லையும் உப்பையும் புல்லையும்
ஒரே அக்கறையோடு நக்கின.
அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சூடு பார்க்க
கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கியை நீட்டினால்
நாற்பத்திரண்டுக்கு மேல் கை விரித்துவிட்டது.
மெழுகுத் துண்டை பார் நுனியில் வைத்து
உருகும் வரை எண்ணினோம்.
கச்சான் அடித்த பக்கத்துப் பட்டையில்
மணல் ஏறிக் கிடந்தது.
அந்தப் பக்கமே மூன்று முறை
முத்திருளாண்டிக்கு விழுந்திருக்கிறது,
ஐந்தாம் நாள்தான் கவனித்தேன்.
மறுபடி புளியமுத்து.

கழிவு ஆயில் மரத்தூளில் கறுப்பாய்த் தெறித்தது.
அதை மறைக்க வழி தெரியவில்லை.
தெரியவில்லை என்றே எழுதிவைத்தேன்.

கடைசியில் மண்ணெண்ணெயில் கழுவிய சங்கிலிகளை
சாயல்குடி நகைக்கடைத் தராசில் ஏற்றினோம்.
"சவரன் என்ன விலைக்கு?" என்று
கடைப்பையன் கேலி செய்தான்.
ஜெசிந்தா சீட்டைப் பிரித்தாள்.
கழிவு ஆயில் ஓடியவை இரண்டும்
மற்றவற்றைவிட
நான்கு குன்றிமணி எடை கூடத் தேய்ந்திருந்தன.
இரண்டு கையிலும் ஒரே தேய்மானம்.
இபுறாகீம் நெடுநேரம் முள்ளையே பார்த்தார்.
பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
"எண்ணூறைத் திருப்பி எழுதிரும்மா."

கம்பெனிக்கும் மத்திக்கும் வித்தியாசமே இல்லை.
விலை பாதி. அடித்தது யோகம் என்று
மத்தியை நிரப்பிவைத்து
வீட்டுக்குப் போனோம்.

விடிந்தால் சங்கிலி நகரவில்லை.
ராத்திரியில் எண்ணெய் பிசினாய் இறுகி
பாரோடு சங்கிலியைப் பிடித்திருந்தது.
ஒன்பது நாளும் மாலையில் கழுவிவைத்தது நான்தான்,
சுத்தம் என்று நினைத்து.

ஓடும்போது எப்படி என்று கேட்டோம்,
ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.
சும்மா கிடந்தால் என்ன ஆவாய் என்று
ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

பாக்கியநாதன் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்கிறான்.
பூனைகள் இன்னும் போகவில்லை.
ஸ்கேலை வைத்து நோட்டில்
இன்னொரு கட்டம் இழுக்கிறேன்,
தலைப்பில் 'மறுநாள்' என்று எழுதி.