முந்தியே இருந்த கீறல்

புள்ளி மாங்குளம் தாண்டும்போது
நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.
செதிள் ஒட்டிய விரலால்
போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

எங்கள் கார் அது.
இரண்டு வருடமாகக் கட்டுநாயக்கவில் நிற்கிறது,
விமான நிலையத்து வாடகைக் கம்பனியில்.
கண்டி போகும், எல்ல போகும்,
அறுகம்பையில் மூன்று நாள் கடலைப் பார்த்தபடி கிடக்கும்.
லீசிங் காசு மாதம் ஐம்பத்திரண்டாயிரம்.
நாங்கள் அதில் ஏறியது வாங்கிய அன்றும்,
புதூர் நாகதம்பிரானிடம் ஒருமுறையும்.

கம்பனிக்குக் கொடுத்த பிறகு
வடக்கே அது வந்ததேயில்லை.
"ஆரோ வெள்ளைக்காரன், யாழ்ப்பாணம் பாக்கப் போறான்"
என்றார் சுகிர்தன், குனிந்தபடி,
ட்ரக்ரர் மட்கார்ட் ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு.

பரந்தன் சந்தியில் புள்ளி நின்றது.
வலப்பக்கம் திரும்பியது.
தருமபுரம். விசுவமடு.
எங்கள் வாசலையே கடந்து போய்
புதுக்குடியிருப்புக்கு அப்பால்
ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றது.
எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அதுவும் காட்டும் போன்.
பெற்றோல் ஆருடையதோ, எஞ்சின் எங்களுடையது
என்று எரிச்சலில் சட்டியைக் கழுவினேன்.

நாலரைக்கு அது எங்கள் கராஜுக்குள் வந்தது.

இறங்கியவளுக்கு முப்பது வயதிருக்கும்.
ஒஸ்லோ என்றாள்.
நிரம்பிய கிளாசைப் போல
தமிழை இரண்டு கையாலும் பிடித்துக் கதைத்தாள்.
வலப்பக்கக் கதவில் முழ நீளத்துக்குக் கீறல்.
"பின்னுக்கு எடுக்கேக்க முள்ளுக்கம்பி.
அம்மா சொன்ன கிணறு
கம்பிக்கு அங்கால இருக்க வேணும்.
தெரியேல்லை."
மேலே ஒன்றும் சொல்லாமல்
ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள்.

காரை நாலு பக்கமும் பிரித்துப் பரப்பிய ஒரு படம்.
இடப்பக்கப் பின்கதவில் மட்டும்
பேனையால் ஒரு புள்ளடி.
"இது முந்தியே இருந்தது. நான் இல்லை.
போட்டோ இருக்கு."

எனக்குத் தெரியும்.
யதுர்சனின் சைக்கிள் கைபிடி.
அன்றைக்கு அவனுக்கு விழுந்த அடி
படத்தில் குறிக்கப்படவில்லை.
இப்போது ரயர்க் குவியலடியில் நின்று
"அம்மா, இது எங்கட—" என்று தொடங்கினான்.
"போய்ப் படி" என்றேன்.

மண்பாதையில் ஓட்டக்கூடாது, ஏழாம் பந்தி.
வெள்ளம், போர், கலவரம்,
இவற்றால் வரும் சேதத்துக்குக் காப்புறுதி இல்லை,
பதினொராம் பந்தி.
"முள்ளுக்கம்பி எதுக்குள்ள வரும்?"
பகிடியாகத்தான் கேட்டிருப்பாள்.
சுகிர்தன் சிரிக்கவில்லை.
நகத்தால் கீறலை ஒரு முனையிலிருந்து
மறுமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்.

கம்பனி அவளிடம் எண்பதாயிரம் பிடிக்கும்.
அதில் நாற்பது எங்களுக்கு வரும்.
பொய்கூடச் சொல்லத் தேவையில்லை.
"நிறம் இல்லை, ஏலாது" என்றால் போதும்.
சரி, அது பொய்தான்.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
உள்ளே போய், மேல் தட்டிலிருந்து
ஒரு சின்னப் போத்தலைத் துடைத்து எடுத்துவந்தார்.
கார் வாங்கிய கிழமையே
கலந்து எடுத்துவைத்தது.

"அச்சா இதே நிறம். எப்பிடி?"
"இந்தப் பக்கம் இந்த நிறம் கன ஓடும்."

இருட்ட முன்னம் மினுக்கி முடிந்தது.
ஆறாயிரம் கேட்டார், பத்துத் தந்தாள்,
நாலைத் திருப்பிக் கொடுத்தார்.
(அந்த நாலுக்கு அன்றிரவு நான் அவரோடு கதைக்கவில்லை.)
"கம்பனிக்காரருக்குத் தெரிய வருமோ?"
"தெரியாது, பிள்ளை. மாங்குளத்தில மாடு படுத்திருக்கும்,
மெதுவாப் போங்கோ."

மூன்றாம் நாள் புள்ளி கட்டுநாயக்கவில்.
கம்பனியிலிருந்து செய்தி:
வாகனம் திரும்பியது. ஒரு கீறல்.
முந்தியே இருந்தது.

சுகிர்தனுக்கு வாசித்துக் காட்டினேன்.
"பின்சில்லு ஒருபக்கமாத் தேயுது,
சொல்லு அவங்களுக்கு" என்றார்.
"உங்களுக்கெப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்கள்" என்றேன்.