விட்டம்

துறைமுகத்தில் எனக்கு வேலை
கன்டெய்னர் எண்ணுவது.
இருபதடி, நாற்பதடி,
முத்திரை உடைந்தது, உடையாதது.
பதினேழு வருஷத்தில் ஒரு பெட்டியும்
என் கணக்கில் தப்பியதில்லை.

அதனால்தான் நிபால்தோ
மூன்று அரைப் பீப்பாய்களை
மாடியில் கொண்டுவந்து உருட்டி,
அடியில் துளை போட்டபடி,
"ஒன்றில் எலுமிச்சை. மற்ற இரண்டும் உன் இஷ்டம்.
எவ்வளவு மண் பிடிக்கும், சொல்" என்றபோது
காதிலிருந்து பென்சிலை எடுத்தேன்.
இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரித்திருப்பேன்.

மரத்தில் இன்னும் சிவப்பு ஒயின் வாசம்.
வாய் எழுபது சென்டிமீட்டர், அடி அறுபது,
நடுவாந்திரமாக அறுபத்தைந்து.
அதை அதனாலேயே பெருக்கி,
மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கி,
உயரம் நாற்பதால் பெருக்கி,
ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர்:
பீப்பாய்க்கு ஐந்நூற்று முப்பது, சொச்சம்.
மூன்றுக்கும், ஐம்பது லிட்டர் மூட்டையில்,
முப்பத்திரண்டு மூட்டை.
அடியில் கோடு போட்டேன்.
இரண்டு கோடு.

வால்பராய்சோவில் ஒரு விலாசம்
பாதி எண், பாதி மூச்சு.
எங்கள் வீட்டுக்கு நூற்றெழுபத்தெட்டுப் படி.
குன்றின் லிஃப்ட் மார்ச்சிலிருந்து பழுது.
பெலார்மினோ லாரியை நிறுத்தி
முப்பத்திரண்டையும் படியின் காலடியில் இறக்கி,
மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு,
கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

நிபால்தோ நான்கு, நான் நான்கு.
அறுபதாவது படியில் ஒரு தரம் உட்கார்ந்தோம்,
நூற்றிருபதில் பேச்சை விட்டோம்.
எரிவாயுக்காரன் சிலிண்டரைத் தட்டியபடி
எங்களைத் தாண்டிப் போனான், மரியாதையாக.
எட்டாவது மூட்டையைக் கவிழ்த்தபோது
மூன்று பீப்பாயும்
விளிம்பு தட்ட நிரம்பிவிட்டன.

நிபால்தோ பீப்பாயைப் பார்த்தான்.
எட்டிக் கீழே பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

ராத்திரி விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
விட்டம்.
எழுந்து விளக்கைப் போட்டேன்.
அறுபத்தைந்து முழு விட்டம்.
பாதியாக்கி அல்லவா பெருக்கியிருக்க வேண்டும்.
ஒரு பாதியை மறந்தால்
இரண்டு மடங்கோடு போகும் என்று நினைக்கிறோம்.
போகாது. பெருக்கலில் அது இரண்டு முறை நுழைந்து
நான்கு மடங்காய் வெளியே வரும்.
அகலக்கால் வைக்காதே என்பார்கள்;
நான் வைத்தது எங்கள் குன்றைவிட அகலம்.

கீழே இருபத்துநான்கு மூட்டை.
முதல் நாள் நாய்கள் படுத்தன.
இரண்டாம் நாள் பள்ளிப் பிள்ளைகள்
அவற்றின் மேல் நின்று கப்பல் ஓட்டினார்கள்.
மூன்றாம் நாள் பத்தொன்பது.
வேலைக்குப் போகும்போது எண்ணுவேன்,
வரும்போது எண்ணுவேன், பழக்கதோஷம்.
பதினொன்று. ஆறு.
நாற்பதாம் படியில் ஒரு பழைய குளியல்தொட்டியில்
கொத்தமல்லி வந்திருந்தது.
மதிலோரம் நீல டயர்களில் உருளைக்கிழங்கு.
நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை: பூஜ்யம்.
குறிப்பேட்டில் "குறைவு, 24" என்று எழுதி
நானே ஒப்பமிட்டேன்.

பிறகு மழை. மூன்று வாரம் தண்ணீர்.
மண் அமுங்கும் என்று
எந்தச் சூத்திரத்திலும் இல்லை.
ஐந்தில் ஒரு பங்கு காணோம்.
மூன்று பீப்பாயும் உள்வாங்கி,
எலுமிச்சையின் தோளெலும்பு
வெளியே துருத்தி நின்றது.

காலி வாளியோடு எழுபத்துநான்காம் படிக்கு இறங்கினேன்.
எர்மோசினாவின் வாசலில்
என் மூட்டைகள் இரண்டு, பிரிக்காமல்,
மேலே ஒரு ஜெரேனியம் உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு வேணும்?" என்றாள்.
பென்சில் காதில்தான் இருந்தது.
கையை நீட்டி
நான்கு விரலைக் கிடையாய்ப் பிடித்துக் காட்டினேன்.
அவள் ஜெரேனியத்தை இறக்கி வைத்துவிட்டு
வாளியைக் கூம்பாய் நிரப்பினாள்.

"நல்ல மண்ணம்மா இது," என்றாள்,
"எங்கே வாங்கினேன் என்று மட்டும் கேட்காதே."