நடையர் எண் நான்கு

கோட்டை வாசலில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி.
அங்கே தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும்.
சுற்றுக்கு நூற்றிருபது ரூபாய்,
மே மாதம் என்பதால் மோர் தனி.

வலது கணுக்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று,
தீப்பெட்டி அளவில் கருவிகள்.
பட்டையை இறுக்கிவிட்டு எப்சிபா சொன்னாள்:
"எப்பவும் போல நடங்க."
எப்பவும் எப்படி நடப்பேன் என்பது
அந்த நிமிடமே மறந்துபோனது.

அகழிக் கரை, லாங்கு பஜார், மண்டித் தெரு,
தார்ப்பாய்களுக்கு அடியில்
செயற்கைக்கோள் கைவிடும் சந்துகள்.
சுற்றி வந்து புள்ளியில் நின்றேன்.
திரையிலோ
நாற்பத்தொரு மீட்டர் தள்ளி
அகழி நடுவே தண்ணீர்மேல் நின்றிருந்தேன்.
"இயேசப்பாவுக்கு அப்புறம் நீங்கதான் சம்பூரணம் அக்கா."
சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கணக்கைத் திறந்தாள்.

முதலில் இரும்புக் கடைகள்மேல் பழி விழுந்தது:
கம்பிக் கட்டுகள் திசைமுள்ளைத்
தம் பக்கம் இழுக்குமாம்.
அடுத்து, என் கால்.

நாலு வயதுக் காய்ச்சலில்
இடது கால் மூன்று விரற்கடை பின்தங்கிவிட்டது.
கணக்குக்கு அது தெரியாது.
எல்லா அடியும் அறுபத்தெட்டு சென்டிமீட்டர்
என்றே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.
யார் காலைப் பார்த்து அளந்தது என்றேன்.
"சராசரி."
அவர் வேலூர்ப் பக்கம் வந்ததில்லை போல.

ஆம்பூர் கம்பெனியில் பதினாறு வருஷம்
மேல்தோல் தைத்தேன்.
ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஜோடி
சிவப்புப் பெட்டிக்குப் போகும்.
வேலை முடிந்து அதைத் தாண்டித்தான்
வெளியே வருவேன், என் ஜோடிக் காலோடு.

இரண்டாம் வாரம் இரண்டு கருவியும் செருப்புக்கு இறங்கின,
காலுக்கு ஒன்று.
நடக்கிற கால் ஒவ்வொரு அடியிலும்
கண் சிமிட்டும் நேரம் தரையில் நிற்கிறதாம்.
அப்போது வேகம் பூஜ்ஜியம்.
அதுவரை சேர்ந்த பிழையைக் கருவி
சுமைதாங்கிக் கல்லில் கூடையை இறக்குவதுபோல்
அங்கே இறக்கிவைக்குமாம்.

"உங்க இடது கால் நிக்கவே மாட்டேங்குது அக்கா,
தொட்டுட்டு ஓடுது."
சூடும்மா, என்றேன்.
அது மட்டும் காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும்.
இடதுக்குத் தனியாக ஓர் அளவு எழுதினாள்.
அதற்கென்று யாரும் எதையும்
தனியாக எழுதியதில்லை இதுவரை.

பத்தொன்பதாம் சுற்று.
கோடு கோட்டைச் சுற்றி வந்து
கிட்டத்தட்டத் தன்னையே தொட்டது.
"பிழை ஒன்றே முக்கால் மீட்டர்!"
எப்சிபா குதித்ததில் மோர் சிந்தியது.

குனிந்து புள்ளியைத் தேடினேன்.
அதன்மேல் ஒரு கிர்ணிப்பழத் தள்ளுவண்டி.
வண்டிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்,
ஒன்றே முக்கால் மீட்டர் இருக்கும்.

"நகத்தணுமா?" என்றார் வண்டிக்காரர்.
வேண்டாம் என்றேன்.
ஒரு கீற்று வாங்கி அங்கேயே நின்று தின்றேன்.
கழற்றாத கருவி எழுதிக்கொண்டே இருந்தது:
பூஜ்ஜியம், பூஜ்ஜியம்,
இடதிலும்.