தொண்ணூற்றி நாலு

இன்வெர்ட்டருக்கா டிராக்டருக்கா என்றார்
பேட்டரிக் கடைக்காரர்.
கம்ப்யூட்டருக்கு என்றேன்.
ஐந்து லிட்டர் கேனைக் கொடுக்காமல்
கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.
"தண்ணி பட்டா செத்துடுமேம்மா அது."
ஆமாம் அண்ணே,
படாமல்தான் ஊற்றப் போகிறோம்.

அக்கினி நட்சத்திரம் ஒன்பதாம் நாள், ஊத்துக்கோட்டை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத்
தரை முழுக்கப் பாகங்களைப் பரப்பினோம்
நானும் பானுரேகாவும்.
ஸ்ரீசிட்டியில் ஏசி செய்யும் கம்பெனி.
அவள் திருகு முடுக்கும் வரிசை,
நான் கசிவுச் சோதனை.
ஷிப்டுக்கு நானூறு குளிரைப்
பெட்டியில் போட்டு லாரி ஏற்றுகிறோம்.
ஒன்றுகூட இந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

அவள் சத்தியவேட்டுக்காரி.
கணக்குத் தெலுங்கு, கோபம் தெலுங்கு,
கேலிக்கு மட்டும் தமிழ்.

இரண்டு வருட ஓவர்டைம் இந்தப் பெட்டி.
கிராபிக்ஸ் கார்டு என் போனஸ்.
ரேடியேட்டர் சீட்டுப் பணம்.
பம்பு, அவள் என்னிடம் சொல்லாமல்
கம்மலை வைத்துவிட்டு வாங்கி வந்தது.

முதல் குழாய் வளைக்கையில் நசுங்கியது.
இரண்டாவது நன்றாக வளைந்தது, வேண்டாத பக்கம்.
மூன்றாவதற்கு முழங்கையை மடக்கிக் காட்டி
இவ்வளவு என்றாள்.
இவ்வளவேதான் வளைத்தேன்.

பம்பை மட்டும் ஓட்டி
ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ விரித்து
விழித்திருந்தோம்.
இரண்டு மணிக்குக் கத்தினாள்:
நீள்ளு காருதாந்தி!
ஒரு தாள் நனைந்திருந்தது.
நக்கிப் பார்த்தேன். உப்பு.
என் தாடையிலிருந்து சொட்டிய வேர்வை.

பிறகு முழு மின்சாரம்.
அவளுக்குப் பிடித்த பனிமலை விளையாட்டு.
நாற்பது விநாடி. தொண்ணூற்றி நாலு டிகிரி. இருட்டு.
மறுபடி. தொண்ணூற்றி நாலு. இருட்டு.

உன் பம்பு சரியில்லை என்றேன்.
விரலை வைத்துப் பார், துடிக்கிறது என்றாள்.
பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சாய்த்தோம்,
குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக
மேலேறி உடைந்தன.
தொண்ணூற்றி நாலு.
மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்றேன்.
அவள் காதைத் தடவிக்கொண்டாள்.

மூச்சு முட்டியது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
ஜீரோ பாயின்ட் வரை போனோம்.
ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீர்
நம் கணக்கில் ஏறும் இடம்.
கால்வாயில் அளவுகோல் நின்றது,
எண்கள் எல்லாம் காய்ந்து தெரிந்தன.
"எங்காளுங்க திறந்தாச்சு, பேப்பர்ல போட்டிருக்கு."
"எங்களுக்கு வரலையே."
"அப்போ நடுவுல."
சும்மா சொன்னாள், கல்லை எறிந்துகொண்டே.

திரும்பி வந்து இன்னொருமுறை ஓட விட்டேன்.
திரையில் தொண்ணூற்றி நாலு ஏறும்போது
ரேடியேட்டரைத் தொட்டேன்.
சுவரின் சூடுதான், அதற்கு மேல் இல்லை.
புறப்பட்டது வந்து சேரவில்லை.

அவள் தூங்கிவிட்டாள்.
தண்ணீரை வடித்தேன்.
பிராசஸர் மேல் உட்கார்ந்த செம்புக் கட்டியைக் கழற்றினேன்.
அடியில் பேஸ்ட் அப்பிய ஒரு பிளாஸ்டிக் தாள்,
வெங்காயத் தோலைவிட மெல்லிசு.
மாட்டும் முன் உரிக்கவும் என்று
சிவப்பில், இரண்டு மொழிகளில்.
மாட்டியது நான்.

உரித்தேன். துடைத்தேன். பூட்டினேன்.
தாளை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினேன்.
ஏழு மணிக்கு அவளை எழுப்பி
காற்றுக் குமிழிதான், போய்விட்டது என்றேன்.

அறுபத்தொன்று. அதற்கு மேல் ஏறவில்லை.
திரையில் பனி கொட்டுகிறது,
அவள் முழங்கால் வரை புதைந்து நடக்கிறாள்.
அங்கே எடுத்த சூட்டையெல்லாம் ரேடியேட்டர் விசிறிகள்
எங்கள் கணுக்காலில் ஊதுகின்றன.
வேர்வை சொட்டச் சொட்ட
பனிச்சரிவில் ஒரு ஓநாயைச் சுட்டுவிட்டு,
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்,
சுத்தத் தமிழில் கேட்டாள்:

"அந்தத் தாளை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"