வெளுத்த ரசீது

புந்தா அரேனாஸில் காற்று
கோடையிலும் கூரைத் தகட்டைப் பிடித்திழுக்கும்.
ஒரு கையில் தகடு, ஒரு கையில் டிரில்.
மூன்றாவது கை ருபெர்த்தோவுடையது,
நான்கு வருடம்.

அவன் மஞ்சள் கம்பெனி, நான் சிவப்பு.
கூரைமேல் யாரும் பெயர் சொல்வதில்லை, நிறம் போதும்.
மஞ்சளுக்கு முறுக்கு அதிகம் என்பான்.
முறுக்கு இருக்கட்டும், பல்சக்கரம் பிளாஸ்டிக் என்பேன்.
பச்சை வைத்திருக்கும் அமாதோர்
எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பான்.
பச்சை வாங்கிய கடன் அவனுக்கு இன்னும் பாக்கி.

பிரிந்தபோது பாகம் பிரிக்கச் சண்டையே வரவில்லை.
அவன் பேட்டரி என் டிரில்லில் ஏறாது.
என் பேட்டரிக்கு அவன் சார்ஜரில் விளக்கு எரியாது.
கம்பெனிக்காரர்கள் எப்போதோ
எங்களுக்குப் பத்திரம் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலமே என் சிவப்பு
ஒரு திருகின் பாதியில் நின்றது.
கருகிய வாசனை, கையுறைக்குள்ளும் சூடு.
பெட்டியில் கொட்டை எழுத்தில்: ஐந்து வருட உத்தரவாதம்.

கடையில் திருமதி குவாசிச் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
பொடி எழுத்தைப் படித்தாள்.
சந்தியாகோ போக வேண்டும். கப்பலில் போய்க் கப்பலில் வரும்.
தூசி, ஈரம், உப்புக்காற்று, தொழில்முறைப் பயன்பாடு
இவற்றால் வந்த பழுது சேராது.
அதாவது இந்த ஊர் சேராது, என் பிழைப்பு சேராது,
மற்றபடி எல்லாம் சேரும்.
ரசீது இருக்கிறதா?

இருந்தது.
பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன்,
வெறும் வெள்ளைத் தாள்.
நீர்மேல் எழுத்தைவிடக்
கொஞ்சம் கூடுதல் ஆயுள், எட்டு மாதம்.

ராத்திரி படுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது.
எதுவினா நவெல்கின் வீட்டுப் பரணில்,
முகட்டு உத்தரத்தில், தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தேன்:
'சிவப்பு. முதல் துளை. அக்டோபர் 11.'
காலையில் ஏணி போட்டு ஏறினேன்.
அப்படியே இருந்தது, ஒரு எழுத்து மங்கவில்லை.
கீழே அவன் கிறுக்கலும்:
'மஞ்சள் இதற்குள் மூன்று போட்டிருக்கும்.'

படம் எடுத்து அனுப்பினேன்.
நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில்.
அன்புள்ள வாடிக்கையாளருக்கு,
மரத்தில் எழுதிய தேதியை
விதிவிலக்காகப் பரிசீலிக்கத் தயார்.
ஆனால் படத்தில் இரண்டு கையெழுத்துகள் உள்ளன.
கருவிக்கு உரிமையாளர் ஒருவரா, இருவரா
என்று தெளிவுபடுத்தவும்.

இன்னும் எழுதவில்லை.
அமாதோரிடம் பச்சையை இரவல் வாங்கியிருக்கிறேன்.
நல்ல கருவிதான்,
ஒற்றைக் கையில் பிடிக்க
கொஞ்சம் கனம்.