வாட்டம்

"அக்கா, வாட்டம் எந்தப் பக்கம்?" என்றார்
மேசன் அருள்நேசன்.
முகத்தைச் சொல்கிறாரோ என்று
ஒருகணம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
அவர் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்,
காதிலே பென்சில், கையிலே கொப்பி.

பதின்மூன்று வருசமாய் எங்கள் பாத்றூம் தண்ணீர்
ஓட்டையைத் தவிர எல்லா இடமும் போய்வந்தது.
போன மாரிக்கு அறைக்குள் வந்து
உழுந்து மூடையின் அடியை நனைத்தது.
"அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் காணும்" என்றார்.
காணாது என்று எனக்குத் தோன்றியது. எழுதிக்கொண்டேன்.

கோண்டாவில் கிணறு வற்றாது, ஆனால் சுண்ணாம்பு.
கேத்திலின் அடியைச் சுரண்டினால்
ஒரு வாய் வெற்றிலைக்குக் காணும்.
ஆறு மாதத்தில் ஷவரின் கண்ணெல்லாம் குருடு.
ஆகவே கழற்றி வினாகிரியில் போடக்கூடிய ஷவர்,
பித்தளைக் குழாய்,
நிலத்துக்குச் சொரசொரப்பான சாம்பல் ரைல்ஸ்.
கடைக்காரன் காட்டிய கறுப்பு அழகுதான்,
ஒவ்வொரு துளியும் அதில் சாட்சி சொல்லும்.

ஒஸ்லோவிலிருந்து தம்பி படம் அனுப்புகிறான்:
வெள்ளைத் தொட்டி, விளிம்பில் மெழுகுதிரி.
"இப்பிடிச் செய் அக்கா, காசு நான் தாறன்."
அந்தத் தொட்டித் தண்ணீர்
என் கத்தரிப் பாத்திக்கு இரண்டு நாள்.
அதைவிட, அந்த விளிம்பைத் தாண்ட
அவனுடைய அத்தானின் வலக்கால் சம்மதிக்க வேண்டும்.
காசுக்கு மட்டும் ஓம் என்றேன்.

அத்தானோ பிடிகம்பியே வேண்டாமாம்.
"என்னைக் கிழவனாக்கிப் போட்டியே?"
"துவாய் போடத்தான்" என்றேன்.
மேசனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்:
ஆள் முழுசாய்த் தொங்கினாலும் அசையக் கூடாது,
ரைல்ஸ் ஒட்டமுன் அந்த இடத்துக்குக் கொங்கிறீற் நிரப்புங்கோ.
அவர் சிரிக்கவில்லை. "விளங்குது" என்றார்.

தண்ணி ஊறாத பூச்சு மூன்று தரம்.
அதற்குப் போகும் காசு
கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடக்கும் என்றார்.
கிடக்கட்டும்.
சுவிச் வெளியே. யன்னல் உயரத்தில்,
பக்கத்துவீட்டு முருங்கைக்கு மட்டும் நான் தெரியலாம்.
கதவு அகலம், வாசலில் படி இல்லை.

பிறகு சுவரில் கையை வைத்துக் கேட்டார்:
"குழாய் உங்களுக்கு எவ்வளவு உயரத்தில வேணும்?"

சின்னக் கேள்வி. எனக்கு வாய் வரவில்லை.

சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் குழாய்
பிள்ளைகளின் உயரம்,
முதுகை இரண்டாய் மடித்துத் தலை கழுவினேன்.
வன்னியில் கயிற்றின் நீளம்தான் கணக்கு.
முகாமில் பவுசரின் வாய்க்குக் கீழே
வாளியை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தோம்.
நாலு பக்கமும் யூரியாப் பை மறைப்பு, காற்று வந்தால் மூன்று பக்கம்.
சட்டையோடு குளித்து, சட்டையோடு காய்ந்தேன்.
தண்ணீர் எந்த உயரத்தில் வந்ததோ
அந்த உயரத்துக்கு நான் போனேன்.
இந்த வீட்டுப் பழைய குழாய்கூட
யாரோ ஒரு நெட்டை மனிதர் வைத்துவிட்டுப் போனது.

மேசன் அவசரப்படுத்தவில்லை.
உடைத்த சுவரின் முன் போய் நின்றேன்.
கண்ணை மூடி,
சவர்க்காரம் கண்ணுக்குள் போனதாய் நினைத்து,
கையை நீட்டினேன்.
விரல் பட்ட இடத்தில் அவர் பென்சிலால் கோடு போட்டார்.

பின்னேரம் குகபாலன் வந்து
அளவுகோலால் அளந்து பார்த்தார்.
"வழமையா இவ்வளவு பதிவா வைக்கமாட்டாங்களே?"
"என்ர கை அங்கதான் போகுது" என்றேன்.

மேசன் போகும்போது கடைசியாய் ஒன்று சொன்னேன்,
கதவுக்கு உள்பக்கம் கொண்டி இரண்டு போடச் சொல்லி.
"ஒண்டு காணும் அக்கா."
"தெரியும்," என்றேன்,
"ரெண்டு போடுங்கோ."