ஆறாவது அடி

நாற்பத்தேழு, பிப்ரவரி. லீட்ஸ் வானொலி நிலையம்.
ஈனிட் தாக்ரேயின் மேசைமேல்
சாவியோடு ஒரு பூட்டு,
குதிரைக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை,
துணிப்பையில் சோளமாவு.
பையைப் பிசைந்தால்
பனியில் ஒருவன் நடப்பான்.

வெளியே ஆளுயரத்துக்கு அசல் பனி.
புதிதாய்ச் சேர்ந்த பையன் வாளியில் அள்ளிவந்தான்.
மைக்குக்கு அது வெறும் ஈரம்.
சிவப்பு விளக்கு எரியுமுன் சாக்கடைக்குப் போனது.

மாவுக்கும் கூப்பன் வெட்டிய வருஷம்.
கடன் கேட்டபோது பக்கத்து வீட்டு மிஸஸ் ஓல்ட்ராய்ட்,
"கஸ்டர்டுக்கா?" என்றாள்.
"இல்லை. ஓர் ஆள் வீடு திரும்பணும்."

வியாழன் இரவு நாடகம்.
பதினோரு அடி, ஒரு நிறுத்தம், பூட்டில் சாவி.
ஆறாவது அடியில்
பாதி ஊருக்குக் கரண்ட் போயிற்று.
அவளுக்கென்ன தெரியும்,
பிசைந்துகொண்டே இருந்தாள்,
கேட்க யாருமில்லாத தெருக்களிலும்
அவன் நடந்தான்.

மார்ச் கடைசியில்,
பனி உருகி, நதி வாசல்வரை வந்து திரும்பிய பிறகு,
பென்சிலில் ஒரு கடிதம்:
"வந்து சேர்ந்தானா?
எங்கள் தெருவில் இன்னும் ஆறாவது அடியிலேயே நிற்கிறான்."

நிலையத்தின் தாளில் பதில் எழுதக்கூடாது.
ரொட்டி சுற்றிவந்த காகிதத்தைக் கிழித்து எழுதினாள்:
"சேர்ந்தான். கதவைத் தட்டவில்லை.
சாவி அவனிடமே இருந்தது."

மீந்த மாவில் அன்று கஸ்டர்டு.
மிஸஸ் ஓல்ட்ராய்டுக்கும் ஒரு கிண்ணம்.
லேசாகத் துணி வாசம்.